கம்பெனி வக்கீலாகப் போகும் மகளுக்கு

கவிதாவுக்கு அம்மா எழுதுவது.

செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணியபோது நான் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். சென்னையில் அந்தப் பெரிய வக்கீல் ஆபீஸில் உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய். எந்தப் பிரிவு என்று கேட்டேன். கம்பெனிகளுக்கு பிரான்சைஸ் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் பிரிவு என்றாய். அதற்குள் டவாலி என் கட்சிக்காரரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். "சரித்தா, நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் உன் அப்பா சொன்னார், நீ அவருக்கும் போன் பண்ணி, அம்மா கோபமாக இருக்கிறாளா என்று கேட்டாயாம். அவர் தன் வழக்கப்படி, அதை அவளிடமே கேள் என்று நழுவிவிட்டார்.

கோபம் இல்லை. ஆனால் நீ ஏன் அப்படி நினைத்தாய் என்பது எனக்குப் புரிகிறது. இந்தப் பக்கம் ஆண்டிபட்டியிலிருந்து அந்தப் பக்கம் கூடலூர் வரைக்கும், கம்பெனியோடு தகராறு என்று வந்தால் உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறாக, அங்கே போ என்று என்னைத்தான் காட்டுகிறார்கள். அந்த அம்மாவின் மகள் கம்பெனி பக்கம் போய் உட்காருகிறாள் என்றால் உனக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும். போனில் சொன்னால் பாதி சொல்லாமல் போய்விடும். இத்தனை வருஷமாக மனு எழுதிப் பழகிய கை, எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். நான் இந்த வேலைக்குள் எப்படி வந்தேன் என்பதை நீ துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறாய். ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

தேனி தனி மாவட்டமான சமயம் அது. நீ ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். நான் பெருமாள்சாமி சாரிடம் ஜூனியராக இருந்து, அவருடைய ஆபீஸிலேயே ஓரமாக ஒரு மேசை போட்டுத் தனியாக வழக்கு எடுக்கத் தொடங்கியிருந்தேன். வழக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்கால் தகராறு, பொதுச்சுவர் தகராறு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். பெண் வக்கீல் என்பதால் ஜீவனாம்ச வழக்குகள் எல்லாம் என் மேசைக்கே வந்து சேர்ந்தன. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் வாழ்நாள் முழுக்க அது ஒன்றுதான் என்று மற்றவர்கள் முடிவு கட்டியதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அந்த வருஷங்களில்தான் நம் பள்ளத்தாக்கு முழுக்கப் புதுப் போர்டுகள் ஏறின. நேற்று வரை உரக்கடை இருந்த இடத்தில் கூரியர் ஆபீஸ். லாட்ஜுக்குக் கீழே ஐஸ்கிரீம் பார்லர். மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர். போர்டில் இருக்கும் பேர் சென்னையுடையது, பம்பாயுடையது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் நம் ஊர்க்காரர். கம்பெனியின் பேரையும் நடத்தும் முறையையும் வாங்கி, சொந்த முதல் போட்டு, சொந்த ஊரில் நடத்துகிற தொழில். நம் ஆட்கள் அதை ஏஜென்சி எடுத்திருக்கிறேன் என்பார்கள். பிரான்சைஸ் என்ற வார்த்தை அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளில் மட்டும்தான் இருந்தது. சின்னமனூரில் கூரியர் நடத்திய ஒருவர் அப்படி ஒரு தாள்கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து. "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். தொழிலை ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது. வீட்டுக்கு எடுத்து வந்து வாசித்தேன். பாதி எனக்கே விளங்கவில்லை. மதுரைக்குப் போய்ச் சட்டப் புத்தகக் கடையில் கேட்டால், அங்கே இருந்தவர் வாகன ஏஜென்சி பற்றிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வணிகச் சின்னச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், தீர்ப்புத் தொகுதிகள் என்று நானாகத் தேடித் தேடிப் படித்தேன். நீ உன் வீட்டுப்பாடத்தை எழுதும் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நான் என் பாடத்தைப் படித்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். சார் ஒருநாள் என் மேசையைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் மெட்ராஸ் வக்கீல்கள் பார்க்கிற வேலை, நமக்கு வாய்க்காலும் வரப்புமே போதும் என்றார். கேலி இல்லை, என் மேல் இருந்த அக்கறைதான். இந்த ஊரில் அதற்கு வழக்கே வராது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

சில வருஷத்தில் வழக்கு வந்தது. ஜமீலாவை உனக்கு டீச்சராகத்தான் தெரியும். எனக்கு அவள் கட்சிக்காரியாக அறிமுகமானவள். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த ராவுத்தர் வீட்டுப் பெண். கணக்கில் பட்டப்படிப்பு முடித்து, கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் கடைக்கு மேல் மாடியில் ஒரு சென்னைக் கம்பெனியின் பேரில் பயிற்சி மையம் ஆரம்பித்தாள். பெண் பிள்ளைகளை எங்கும் அனுப்பாத வீடுகளிலிருந்துகூட அங்கே அனுப்பினார்கள். குமுளியிலிருந்து மலையிறங்கி பஸ்ஸில் வந்து படித்த மலையாளப் பிள்ளைகளும் உண்டு. நல்லபடியாகத்தான் நடந்தது. பிறகு கம்பெனி தளர்ந்துபோனது. புதுப் பாடப்புத்தகம் வருவது நின்றது. பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வரவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஜமீலா அதைப் புதுப்பிக்கவில்லை. கம்பெனி போர்டை இறக்கி, புத்தகங்களைப் பெட்டி கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, சொந்தப் பேரில் போர்டு மாட்டினாள்.

அது நடந்த கொஞ்ச நாளிலேயே கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில வருஷங்களுக்கு இந்த மாவட்டத்துக்குள் அவள் கம்ப்யூட்டர் பயிற்சி நடத்தக் கூடாது என்று அந்தத் தாளில் ஒரு ஷரத்து இருந்தது. அதைக் காட்டிக் கம்பெனி இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. மையத்தை மூடினார்கள். பாதிப் பாடத்தில் இருந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். நீயும் அதில் ஒருத்தி. சனிக்கிழமை வகுப்பு இல்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கு அது ஒரு வகுப்புதான். குமுளியிலிருந்து வந்த பிள்ளைகளின் வீட்டில், இதுதான் சாக்கு என்று படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். ஜமீலா என்னிடம் வந்து தன் கஷ்டத்தைச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளின் பேரைத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தடையை நீக்கக் கோரி மனுப் போட்டேன். விசாரணைக்கு நாளும் குறித்தார்கள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. நான் அப்போது வக்கீல் சங்கச் செயலாளர். நான் ஆசைப்பட்டுப் போன பதவி இல்லை. சங்கத்தில் இரண்டு கோஷ்டி, எவரை நிறுத்தினாலும் மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டிலும் சேராத ஒரே ஆள் நான், அதனால் என்னை உட்கார வைத்தார்கள். பெருமாள்சாமி சார் தலைவர். அந்தச் சமயத்தில், மாவட்டத் தலைநகரம் தேனி என்பதால் நம் ஊர்க் கோர்ட்டுகளை அங்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பொதுக்குழு கூடி, முடிவு தெரியும் வரை கோர்ட்டைப் புறக்கணிப்பது என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை எழுதியது நான். மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். கூடலூரிலிருந்து ஜீவனாம்சத்துக்கு வருகிற ஒரு பெண் உத்தமபாளையம் வந்து போவதற்கே அன்றைய கூலியை விட வேண்டும். தேனி வரை போகச் சொன்னால் அவள் வழக்கையே விட்டுவிடுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜமீலாவின் மனு அந்தப் புறக்கணிப்புக்குள் வந்து விழுந்தது. வக்கீல் வராவிட்டால் வாய்தா போடுவார்கள். வாய்தா போட்டால் தடையும் அடுத்த தேதி வரை நீளும். எத்தனை வாய்தா விழுகிறதோ அத்தனையும் கம்பெனிக்கு லாபம். நான் பொதுக்குழுவில் எழுந்து, இந்த ஒரு மனுவுக்கு மட்டும் ஆஜராக அனுமதி கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், செயலாளருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டார். இன்னொருவருக்கு ஜாமீன் மனு நிலுவையில் இருந்தது. அவருடைய கட்சிக்காரர் சிறையில் இருந்தார். அதைச் சொன்னதும் நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏத்தா, வக்கீல் உள்ள போகக் கூடாதுன்னுதான் தீர்மானம். கட்சிக்காரக வாய நாம கட்டல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பத்துக்குப் போனேன். பூட்டிய மையத்துக்குள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய சேலைத் துணியால் மூடிக் கிடந்தன. நீயே உன் வழக்கைப் பேச வேண்டும் என்று ஜமீலாவிடம் சொன்னேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கோர்ட் படி ஏறினதே அந்த வழக்குக்காகத்தான். அவளுடைய அத்தா கீழே கடையிலிருந்து மேலே வந்து, இதெல்லாம் சரிப்படுமா, பொம்பளைப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் நின்று பேசுவதா என்று தயங்கினார். நான் சட்டத்தைச் சொன்னேன். ஒருவரை அவர் தொழிலைச் செய்ய விடாமல் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, கம்பெனி பேர் கம்பெனிக்குச் சொந்தம், கற்றுக்கொடுக்கும் தொழில் யாருக்கும் சொந்தமில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அக்கா, நீங்க சொல்றத மனப்பாடம் பண்ணினா எனக்கு மறந்துபோகும், என் வார்த்தையிலேயே சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல் என்றேன். சாயங்காலம் வரை நான் நீதிபதியாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள். கடைசியில் அவளுடைய அத்தாவே நான் கேட்க மறந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

விசாரணை நாளன்று நான் கோர்ட்டுக்குள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். டவாலி பேரைக் கூப்பிட்டதும் ஜமீலா எழுந்து முன்னால் போனாள். புறக்கணிப்பைக் காரணம் காட்டிக் கம்பெனி வக்கீலும் வரவில்லை, மதுரையிலிருந்து ஒரு மேனேஜர் வந்திருந்தார். எங்கள் வக்கீல் வர முடியவில்லை, வாய்தா வேண்டும் என்று அவர் கேட்டார். நீதிபதி ஜமீலாவைப் பார்த்து, உங்கள் வக்கீல் எங்கே என்றார். "வெளிய நிக்கிறாகய்யா. சங்கத்து முடிவுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறாக. நானே பேசுறேன், அனுமதி குடுங்க" என்றாள். தடையும் வேண்டும், வாய்தாவும் வேண்டும் என்றால் எப்படி என்று நீதிபதி அந்த மேனேஜரிடம் கேட்டுவிட்டு, அவளைப் பேசச் சொன்னார்.

முதலில் அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு நீதிபதி ஒரு கேள்வி போட்டார். அவர்கள் பேரை வைத்துத்தானே பிள்ளைகள் வந்தார்கள், அதே இடத்தில் உங்கள் பேரை மாட்டிக்கொள்வது நியாயமா என்று. நான் முந்தின ஞாயிற்றுக்கிழமை எத்தனையோ கேள்வி கேட்டிருந்தேன், இதைக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜமீலா சொன்னாள். "பேரு அவுகளுதுதான்யா, அத இறக்கிட்டேன். புத்தகம் அவுகளுது, கட்டி அனுப்பிட்டேன். ஆனா பிள்ளைக அந்தப் பேருக்காக வரல. மாடியில ஒரு பொம்பள சொல்லிக்குடுக்குறா, நம்ம பிள்ளைய நம்பி அனுப்பலாம்னு அனுப்புனாக. அந்த நம்பிக்கைய எந்தக் கம்பெனியும் எனக்குக் குடுக்கல. அத எப்படிய்யா நான் பெட்டியில கட்டித் திருப்பி அனுப்புறது?" நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், கம்பத்தில் உங்களுக்கு இப்போது வேறு மையம் இருக்கிறதா என்றார். இல்லை. திறக்கப் போகிறீர்களா? முடிவு செய்யவில்லை. அப்படியானால் இந்தத் தடை எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, பெருமாள்சாமி சார் என் பக்கத்தில் நின்றிருந்தார். "நல்லாத்தான் பேசுது அந்தப் பிள்ள" என்றார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. கம்பெனி பேரையும் புத்தகத்தையும் பயன்படுத்தக் கூடாது, மற்றபடி மையத்தை நடத்தலாம். தடை நீங்கியது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பழைய பிள்ளைகளின் சான்றிதழைக் கம்பெனி கடைசி வரை தரவே இல்லை. ஜமீலா தன் கையெழுத்தில் கொடுத்த சான்றிதழைச் சில இடங்களில் ஏற்றார்கள், சில இடங்களில் தூக்கிப் போட்டார்கள். குமுளிப் பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வழக்கில் ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றைக்கு நீ வீட்டில் என்னைக் கேட்டாய், டீச்சர் தனியாக நின்றார்களாமே, நீ ஏன் உள்ளே போகவில்லை, உனக்குச் சங்கம்தான் பெரிதா என்று. பத்தாவது படிக்கிற பிள்ளையின் கேள்வி. நான் பதில் சொல்லவில்லை, நீயும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது நீயும் வக்கீல், சொன்னால் புரியும். நான் எழுதிய தீர்மானத்தை நானே மீறியிருந்தால், சிறையில் கட்சிக்காரரை வைத்துக்கொண்டு வெளியே நின்றாரே அந்த வக்கீல், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஜமீலாவுக்குப் பேச்சு இருந்தது, படிப்பு இருந்தது. அவருடைய கட்சிக்காரருக்கு அதுகூட இல்லை. அதனால் நான் வெளியே நின்றது சரிதான். ஆனால் அந்தத் தீர்மானம் அப்படியே இருப்பது சரியில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். புறக்கணிப்பு நடந்தாலும் ஜாமீன், ஜீவனாம்சம், ஒருவருடைய பிழைப்பே நின்றுபோகிற தடை ஆகியவற்றுக்கு வக்கீல் ஆஜராகலாம். தோற்றுப்போனேன். கையைத் தூக்கியவர்கள் சொற்பம். மறுவருஷமும் கொண்டுவந்தேன், அப்போதும் தோல்வி. அதற்குப் பிறகு என்னைத் தலைவராக நிறுத்தினார்கள். நின்றதே இந்தத் திருத்தத்துக்காகத்தான் என்று ஓட்டுக் கேட்கும்போதே சொல்லிவிட்டேன். உன் அப்பா, இப்படிச் சொன்னால் யார் ஓட்டுப் போடுவார்கள் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். போட்டார்கள். இன்றைக்கும் நம் சங்கத்தில் அந்த விதி இருக்கிறது. கோர்ட்டும் இங்கேயே இருக்கிறது.

சனிக்கிழமைகளில் நடப்பது உனக்குத் தெரியும், அது எப்படி ஆரம்பித்தது என்பது தெரியாது. வழக்கு முடிந்த பிறகு ஜமீலாதான் கேட்டாள், கையெழுத்துப் போட்ட பிறகு வருகிறார்களே, போடுவதற்கு முன்னால் வர வைக்க முடியாதா என்று. அவளுடைய மையத்திலேயே சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை எடுத்து வரலாம், வரி வரியாகத் தமிழில் சொல்லுவோம், கட்டணம் இல்லை. பல வாரம் ஒருவரும் வரவில்லை. நானும் அவளும் டீ குடித்துவிட்டு எழுந்து போவோம். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆண்டிபட்டியில் ஜவுளி ஷோரூம் எடுக்க இருந்தவர்கள் எங்களை அங்கேயே கூப்பிட்டார்கள். பெருமாள்சாமி சார் தொழிலை விட்ட பிறகு தானாக வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்து அவர் வாசிப்பதைக் கேட்கவே சிலர் வருவார்கள். கடைசி வரை வந்தார். பிறகு அதைப் பதிவு செய்து ஒரு அறக்கட்டளையாக்கினோம். ஆனால் எனக்கு அது இன்றைக்கும் சனிக்கிழமை மத்தியானம்தான்.

அங்கே நாங்கள் எப்போதும் சரியாகச் சொன்னோம் என்று நினைத்துவிடாதே. ஜெயமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் பேரில் மழலையர் பள்ளி ஆரம்பிக்க ஆசை. அதற்காக நிலத்தை விற்கத் தயாராக இருந்தார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நானும் சாரும் வேண்டவே வேண்டாம் என்றோம். ஜமீலா மட்டும், அவரோட சம்சாரம் பிள்ளைகளிடம் பேசுவதை நான் பார்த்திருக்கேன், அவுக நடத்துவாக என்றாள். நாங்கள் கேட்கவில்லை. அவரும் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை, கோபித்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம் இன்றைக்கு ஜெயமங்கலத்தில் நன்றாக நடக்கிறது. கம்பெனியும் சொன்னபடி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆண்டு விழாவுக்கு என்னையே கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்து, இந்த அம்மா வேண்டாம்னு சொன்னாக என்று மைக்கில் சொல்லிவிட்டு மாலையும் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்பந்தம் முழுக்க மோசமாக இருந்தும் நல்ல மனிதர்கள் இரண்டு பக்கமும் இருந்தால் ஒரு காரியம் நடந்துவிடுகிறது. வக்கீல்களுக்கு இதை ஒப்புக்கொள்வது கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜமீலாவின் வழக்கில் கம்பெனிக்காக வழக்கைத் தாக்கல் செய்த சென்னை வக்கீல், சில வருஷம் கழித்து எனக்குப் போன் பண்ணினார். வேறு ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதுகிறாராம். சின்ன ஊர்களில் என்னென்ன சிக்கல் வருகிறது என்று கேட்டார். நான் சந்தேகத்தோடுதான் பேசினேன். கம்பெனி ஒப்பந்தம் முடிந்தாலும் நடுவில் படிக்கிற பிள்ளைகளின் சான்றிதழை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி போடுங்கள் என்றேன். போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி மையம் ஒன்று தேனியில் மூடப்பட்டபோது, அங்கே படித்தவர்கள் எல்லாருக்கும் சான்றிதழ் தபாலில் வந்துவிட்டது. வழக்கு இல்லை, வாய்தா இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. நான் கோர்ட்டில் வருஷக்கணக்காக முட்டி மோதியும் குமுளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க முடியாததை, அவர் ஒரு நாளில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதனால்தான் எனக்குக் கோபம் இல்லை என்கிறேன். நீ போகிற நாற்காலி அது. அங்கே உன்னிடம் கம்பெனிக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பயம் இருக்கும். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பேரை யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரில் கெடுத்துவிடுவாரோ என்ற பயம். அதை மதித்துக் கேள். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் உன் அறைக்குள் வரவே மாட்டார். அவர் சின்னமனூரில் இருப்பார், போடியில் இருப்பார், மஞ்சள் பையோடு இருப்பார். நீ எழுதுகிற ஒவ்வொரு ஷரத்தையும் ஒரு தடவை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள். வாசிக்கும்போது உனக்கே கூச்சமாக இருக்கும் வரி எதுவோ, அதைப் பற்றி உன் சீனியரிடம் பேசு. எல்லாத் தடவையும் கேட்கமாட்டார்கள். நான் திருத்தத்தில் இரண்டு தடவை தோற்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். சங்கம் என்று ஒன்று அங்கேயும் இருக்கும். ஒதுங்கி நிற்காதே, போய்ச் சேர். உனக்குப் பிடிக்காதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதிப் பார்த்தால்தான் வக்கீல் தொழில் பிடிபடும். வாரத்தில் ஒரு மத்தியானத்தைக் கட்டணம் இல்லாத வேலைக்கு ஒதுக்கு. ஒருவரும் வராவிட்டாலும் உட்கார்ந்திரு.

இவ்வளவையும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். தபாலில் போடுவதற்குள் இன்று காலை ஜமீலா ஆபீஸுக்கு வந்தாள், கூடவே சின்னமனூரிலிருந்து ஒரு பெண், போடியிலிருந்து ஒரு பெண். இரண்டு பேரும் அவளிடம் படித்து, அவளிடமே சொல்லிக்கொடுத்தவர்கள். அவரவர் ஊரில் ஜமீலாவின் பேரிலேயே மையம் ஆரம்பிக்கப் போகிறார்களாம். ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும் என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பெண்கள் டீ குடிக்கப் போனதும் ஜமீலா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நாளைக்கு இவளுக எம் பேரை இறக்கிட்டு, அதே இடத்துல சொந்தமா ஆரம்பிச்சுட்டா? அதுக்கு ஏதாவது ஒரு ஷரத்து போட முடியுமா?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே பயமா இருக்குக்கா என்றாள். எம் பேரும் கெடக் கூடாது, அவளுகளும் பிழைக்கணும், அதுக்கு எப்படி எழுதணும் என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அந்த மாதிரி ஷரத்துகளை உடைக்கத்தான் எனக்குத் தெரியும். பேர் கொடுக்கிறவளும் பேர் வாங்குகிறவளும் இரண்டு பேருமே நம் பிள்ளைகளாக இருக்கும்போது எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"எம் மகள்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அவ இப்ப கம்பெனி வக்கீலாச்சேக்கா."

"அதனாலதான்" என்றேன். தொழிலில் இத்தனை வருஷத்தில் நான் ஒரு கட்சிக்காரரிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லும்போது நன்றாக இருந்தது. அந்த இரண்டு பெண்களும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சென்னையில் ஒரு வக்கீல் இருக்கிறாக, அவுகதான் எழுதப் போறாக என்று ஜமீலா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யோசித்து எழுது. அவசரமில்லை. மூன்று பேரும் கேட்கும்படி நீயே வந்து வாசித்துக் காட்ட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதே.

அம்மா
உத்தமபாளையம்